நாங்களே திருத்துவம்

முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் சாரங்கன் அந்தக் காரைக் கராஜுக்குள் விட்டான். பெயர் கேட்டதற்கு அபிஷன் என்றான். எங்கிருந்து என்று கேட்டதற்கு இரத்மலானை என்றான். இரண்டும் பொய்.

திருட்டுக் கார் என்று நினைத்துவிட வேண்டாம், அவனுடைய சொந்தக் கார்தான். வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கராஜ் இருந்தும், நீலப் புகை கக்கிக்கொண்டு மாளிகாவத்தை வரை வந்திருந்தான். பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இவனைப் பார்த்தார்கள். கூனிக் குறுகிப் போனான்.

விஷயம் இதுதான். சாரங்கன் ஒரு யூடியூப் சனல் நடத்துகிறான். 'நாங்களே திருத்துவம்' என்று பெயர். கராஜ் பக்கம் போகாமல், வீட்டு வாசலிலேயே கார் திருத்துவது எப்படி என்று சொல்லித்தருகிற சனல். அதில் அவன் முகம் வராது. கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகளும், வானொலியில் செய்தி வாசிப்பதுபோல ஒரு குரலும்தான் வரும். ஆனாலும் வெள்ளவத்தையில் தெரிந்தவர்களுக்கு அது யார் என்று தெரியும். அவர்கள் கண்ணில் படாமல் காரைத் திருத்தி எடுத்துவிட வேண்டும்.

போன மாதம் தன் காரின் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களையும் எஞ்சின் டேர்போவையும் தானே மாற்றி, அதை வீடியோவாகவும் போட்டான். பார்த்தவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் கார் கொண்டாடவில்லை. முதலில் பள்ளம் மேட்டில் கடகடத்தது, பிறகு புகைக்கத் தொடங்கியது.

கழற்றிப் பார்த்தபோதுதான் சாரங்கனுக்குக் காரணம் தெரிந்தது. எண்ணெய் கசியக்கூடாது என்று அவன் பூசிய சிலிக்கன் பசை உள்ளே பிதுங்கிக் காய்ந்து, டேர்போவுக்கு எண்ணெய் போகிற குழாயை அடைத்திருந்தது. எண்ணெய் இல்லாமல் புது டேர்போ வீணாய்ப் போயிருந்தது. குழாயைத் துப்புரவாக்கித் திரும்பப் பூட்டினான், ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வீடியோவை அன்றைக்கே அழித்திருக்கலாம். அழித்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற வெட்கத்தில் விட்டுவிட்டான். இனிக் காரில் கை வைத்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி தனுஷியா சொல்லிவிட்டாள். அவனுக்கும் கை வைக்கப் பயம்தான். அதனால்தான் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் இன்னொரு டேர்போ வாங்கிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறான்.

கராஜ்காரர் ரிஷாத் கலகலப்பான மனிதர். வந்தவனுக்குக் கதிரை போட்டு பிளேன்டீ கொடுத்தார். காருக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, இதில் கை வைத்தது யார் என்று கேட்டார். தெரிந்த ஒருவர் என்று சாரங்கன் முணுமுணுத்தான். அந்தத் தெரிந்தவரை ரிஷாத் ஏசியபோது இவனும் சேர்ந்து ஏசினான்.

ரிஷாத் புது புஷ்களைப் போட்டு, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டுகளை முழுப் பலத்தோடு இறுக்கினார். அது பிழை என்று சாரங்கனுக்குத் தெரியும். காரை நிலத்தில் இறக்கி, பாரம் விழுந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகிக் கிழிந்துவிடும். அவன் விட்ட பிழையும் இதேதான். ஆனால் வாயைத் திறந்து விளக்கம் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டான்.

அடுத்து ரிஷாத் டேர்போவைக் கையில் எடுத்தார். எண்ணெய்க் குழாய் சேருகிற இடத்தில் சிலிக்கன் டியூபைத் தாராளமாகப் பிதுக்கத் தொடங்கினார். இதற்கு மேல் சாரங்கனால் முடியவில்லை.

"நானா, அதுக்கு சிலிக்கன் பூச வேண்டாம். கேஸ்கட் மட்டும் காணும்."

ரிஷாத் கோபிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, பொக்கெட்டிலிருந்து போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். அதில் ஓடிய வீடியோவில் கறுப்புக் கையுறைகள் இரண்டு சிலிக்கன் பூசிக்கொண்டிருந்தன. 'தாராளமாகப் பூசுங்கள், பயப்பட வேண்டாம்' என்றது அந்த வானொலிக் குரல். சாரங்கனுக்கு முகக்கவசத்துக்குள்ளே வியர்த்துக் கொட்டியது.

"பழைய வாகனம் என்டா எனக்கு அத்துப்படி சேர். புஷ் வேல, டேர்போ வேல எல்லாம் இவருட்டப் படிச்சதுதான். நேத்தும் ஒரு ஸ்கூல் வேனுக்கு இப்பிடித்தான் செஞ்சு குடுத்த."

ஸ்கூல் வேன் என்றதும் சாரங்கன் கதிரையிலிருந்து எழுந்துவிட்டான். பிள்ளைகள் நிறைந்த வேன் ஒன்று நடுத்தெருவில் புகைத்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது. தன் பெயரையும் மானத்தையும் காப்பாற்ற ஒளிந்து திரிந்தது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. முகக்கவசத்தைக் கழற்றினான்.

"நானா, அந்தக் கை என்ட கை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அந்த வேனைத் திருப்பிக் கூப்பிடுங்கோ."

ரிஷாத் நம்பாமல் பார்த்தார். சாரங்கன் அந்த வானொலிக் குரலில் பேசிக்காட்டவும் முயன்றான். வெட்கத்தில் கீச்சென்று வந்த குரல் அவனுக்கே யாருடையதோ போல இருந்தது.

ரிஷாத் அவனை ஏற இறங்கப் பார்த்தார். புகையடித்துக் கறுத்துப்போயிருந்த காரின் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சிலிக்கன் டியூபை மறுபடி எடுத்தார்.

"அவரா இருந்தா, என்னத்துக்கு சேர் கராஜுக்கு வரப்போறாரு?"