ஐந்து ரூபாய் நாணயம்

அந்தப் படைப்பிரிவினருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவனின் கல்லறையில், கூடப் பயிற்சி பெற்றவன் ஒரு ரூபாய் வைப்பான். கூடப் போரிட்டவன் இரண்டு ரூபாய். உயிர் பிரியும்போது அருகில் இருந்தவன் ஐந்து ரூபாய். பதினேழு ஆண்டுகளாகக் கல்லறைத் திருநாளன்று ஃப்ளோரா தன் கணவனின் கல்லறையில் ஐந்து ரூபாயைத் தேடுகிறாள். இன்று முதல்முறையாக வந்த, அதே படைப்பிரிவைச் சேர்ந்த மாசிலாமணியும் இரண்டு ரூபாய்தான் வைத்தான்.

“கடைசியில அவர் பக்கத்துல யாருமே இல்லையா தம்பி?”

அவன் சட்டைப்பையைத் துழாவினான். பிறகு தான் வைத்த நாணயத்தை எடுத்துவிட்டு ஐந்து ரூபாயை வைத்தான்.

“நான் இருந்தேன் அண்ணி. பாடிக்கிட்டே இருந்தாரு.”

“அவருக்கு எந்தப் பாட்டும் ரெண்டு வரிக்கு மேல தெரியாதே.”

“அந்த ரெண்டு வரியத்தான், திரும்பத் திரும்ப.”

ஃப்ளோரா சிரித்தாள். எந்தப் பாட்டு என்று அவள் கேட்கவில்லை.