பெர்த்தியேக்கு ஒரு அர்ச்சனை

"பேர் பெர்த்தியே. நட்சத்திரம் அனுஷம்."

குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கியபடி தேவராஜாவை ஏற இறங்கப் பார்த்தார். "போன கிழமையும் இதே பேர்தானே? ஆர் ஐயா இவர்?"

"பிரெஞ்சுக்காரர். பாரிசுக்குப் பக்கத்தில ஒரு ஊருக்கு மேயரா இருந்தவர். இப்ப எம்பி ஆகிட்டார்."

பக்கத்தில் நின்ற சிவபாலனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருவரும் ரோவில் புறநகரில் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். கோயிலுக்கு எப்போதும் சிவபாலனின் காரில்தான் வருவார்கள்.

"வெள்ளைக்காரனுக்கு அனுஷம் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"பிறந்த திகதி இன்டர்நெட்டில கிடக்கு. பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சனான்."

"அட கடவுளே!"

பெர்த்தியே நகரசபைக்குப் போட்டியிட்ட காலத்திலிருந்தே தேவராஜாவுக்கு இந்தப் பைத்தியம். அவர் மேயரானபோது தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். இந்த ஜூன் மாதம் எம்பி ஆனதும் வடை மாலையே சாத்திவிட்டார். ரோவிலில் ஜூன் என்றால் குளிர்காலம்; அந்தக் குளிரில் மனிதர் விடியற்காலையில் எழும்பி பிரெஞ்சுச் செய்தி பார்க்கிறார் என்றால் பாருங்களேன்! பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாது.

பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது சிவபாலன் மெல்லக் கிளறினார்.

"எம்பி ஆகிட்டார்தானே. இன்னும் என்ன வேண்டுதல்?"

"மந்திரி ஆகவேணும். இந்தக் கிழமை மந்திரிசபை அறிவிக்கிறாங்களாம்."

"எம்பிப் பதவி காணாதோ அந்த மனுசனுக்கு?"

"காணாது!" தேவராஜா கிட்டத்தட்டக் கத்திவிட்டார். "மந்திரி ஆகாட்டி எல்லாம் வீண்."

"உமக்கு விசர் முத்திப்போச்சு. உம்மட மகள் ராகவி பிரான்சிலதானே இருக்கிறா? அவவிட்டச் சொல்லிப் பாரும், அவவே சிரிப்பா."

"அவளுக்கு எங்க நேரம்? தேர்தல், தேர்தல் எண்டு வீடு வீடா ஏறி இறங்கிக் களைச்சுப்போனாள்."

"அவவும் உந்த பெர்த்தியேக்கு நோட்டீஸ் குடுத்தவவோ?"

"ஓம், அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுமன்."

அப்பாவும் மகளும் நல்ல சோடிதான் என்று நினைத்துக்கொண்டார் சிவபாலன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டு மணி விடாமல் அடித்தது. வாசலில் தேவராஜா. கால்களில் இரண்டு விதமான செருப்பு. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"காரை எடும்! கோயிலுக்குப் போகவேணும். மந்திரியாக்கிப் போட்டாங்கள்!"

"சந்தோசம். பெர்த்தியே சாப்பாடு அனுப்புவாரோ?"

"எவ்வளவும் நக்கலடியும். முதல்ல காரை எடும்."

கோயிலில் தேவராஜா இரண்டு அர்ச்சனைத் தட்டுகள் வாங்கினார். முதல் தட்டைக் குருக்களிடம் நீட்டினார்.

"பெர்த்தியே, அனுஷம். சரிதானே?" என்றார் குருக்கள்.

"இல்லை ஐயா. ராகவி, உத்திரம். என்ர மகள்."

சிவபாலன் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த நாட்டில மந்திரியா வந்தவர் எம்பியா இருக்கேலாது ஐயா. தேர்தல்ல அவருக்குப் பதிலாள் எண்டு கூட நிண்ட ஆளுக்குத்தான் அந்தக் கதிரை போகும். கூட நிண்டது என்ர பிள்ளை; நகரசபையிலயும் அவரோட இருந்தவள். இனி பிரான்ஸ் பாராளுமன்றத்தில அவள்தான் எம்பி!"

"அட பாவி மனுசா!" சிவபாலன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒரு வார்த்தை சொன்னீரோ?"

"நாவூறு படும் எண்டு மனிசி கமலினி வாயே திறக்க விடேல்லை."

குருக்கள் சிரித்துக்கொண்டே இரண்டாவது தட்டுக்குக் கையை நீட்டினார். "இது கமலினி அம்மாவின்ர பேருக்கோ?"

"இல்லை ஐயா, இது பெர்த்தியேக்குத்தான்" என்றார் தேவராஜா அவசரமாக. "அவற்ற மந்திரிப் பதவி நிலைக்க வேணும். அது போச்சுதெண்டால், மனுசன் திரும்பி வந்து என்ர பிள்ளையைக் கதிரையால எழுப்பிப் போடுவார்!"