ஆளுக்கேற்ற வாசல்

பழைய கோயில்களில் வாசலைத் தாழ்வாக வைத்து எல்லோரையும் ஒரே அளவு குனிய வைத்தார்கள். எங்கள் ஊர்ப் புதுக்கோயிலில் அந்த அநியாயம் கிடையாது. வருகிறவரின் கர்வத்தை மோந்து பார்த்து, தூக்கக் கலக்கத்தில் இமை மூடுவதுபோல, வாசலின் மேல்கல் அதற்குத் தக்கபடி இறங்கும்.

கயற்கண்ணிக்கு அங்கேதான் கல்யாணம். விடியற்காலைப் பனி எது, சாம்பிராணிப் புகை எது என்று தெரியவில்லை. அவளுடைய அம்மா நிமிர்ந்தபடியே உள்ளே போய்விட்டாள். அப்பா ஞானவடிவேல், கல்லூரி முதல்வர். அவர் நெருங்கியதும் கல் இடுப்பளவுக்கு இறங்கியது.

"இது ரிப்பேர்," என்றார் முதல்வர். கல் முழங்காலுக்கு வந்தது.

"வாய மூடிட்டுத் தவழ்ந்து வாங்க. முகூர்த்தம் போயிடும்," என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

"நானா? என் ஸ்டூடண்ட்ஸ்லாம் பாக்கறாங்கடி!"

இப்போது ஒரு சாண்தான் மிச்சம்.

"அப்பா, வந்துடுங்கப்பா. நீங்க இல்லாம எப்படி?" மணவறையிலிருந்து கூப்பிட்டாள் கயற்கண்ணி.

கெட்டிமேளம் முழங்கியது. முதல்வர் பட்டு வேட்டியோடு தடாலென்று குப்புறப் படுத்தார். சந்தின் வழியே, உள்ளே இருந்தவர்களின் கால்கள் மட்டும் புகையில் மிதந்துகொண்டிருந்தன. தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடுவதைப் பார்த்தார். மகளின் சுண்டுவிரல் தன்னுடையதைப் போலவே உள்பக்கம் மடிந்திருந்ததை அன்றுதான் பார்த்தார். மூக்குக்கண்ணாடி நனைந்தது.

"ஏங்க, எந்திரிங்க. வாசல் எப்பவோ தொறந்தாச்சு," என்றாள் மனைவி.

"கொஞ்சம் இருடி," என்றார் முதல்வர், படுத்தபடியே. "இங்கேர்ந்துதான் நல்லாத் தெரியுது."