தக்கை படுக்கும் வரை

இங்குட்டு நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு மீன் பிடிபடுகிற கதை சொல்கிறேன். கல்லல் பக்கத்துக் கண்மாயில் இளவெயில் விழுந்திருக்கிறது. மடையோரக் கல்லில் அடைக்கலமேரி தூண்டிலோடு குந்தியிருக்கிறாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறி ஆகாது, மீன்காரரும் வரவில்லை, மத்தியானம் மகளுடைய மாமியார் முதன்முதலாக விருந்துக்கு வருகிறார். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை நீரில் துடிக்கிறது. "இழு மேரி, இழு!" என்று கரையில் பதறுகிறார் புருஷன் தைரியநாதன். "கொத்துறது பொடி ஜிலேபி மீனு. சும்மா இருக்கீகளா?" "அப்ப சம்பந்தியம்மாவுக்கு இன்னைக்கு ரசந்தான்." அவள் திரும்பவில்லை. துடிப்பு அடங்குகிறது. பிறகு தக்கை, யாரோ பாய் விரித்ததுபோல, மெல்ல நீர்மேல் படுக்கிறது. பெரிய கெண்டை இரையைத் தூக்கினால்தான் அது அப்படிப் படுக்கும். அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். ஒரே சுண்டு. மூங்கில் வளைகிறது, தூண்டில் நரம்பு விண்ணென்கிறது. மல்லுக்கட்டாமல் மீனை ஓடவிட்டு, களைக்கவிட்டு, கரைக்குக் கூட்டி வருகிறாள். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு முழங்கால் சேற்றில் இறங்கிய தைரியநாதன், அதை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறார். செதிலெல்லாம் வெயில் தெறிக்கிறது. "நாலு கிலோ தேறும்டி!" "நீங்க ரசமே ஊத்திக்கிறீகளா?" என்கிறாள் அவள், தூண்டிலைச் சுற்றிக்கொண்டே. விருந்து வருகிற நாளெல்லாம் உங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியும் இப்படி நிறையட்டும், கண்ணுகளா.