முதல் கியர்

திருவிடந்தைச் சாலையோரம், சவுக்குத் தோப்பு நிழலில் பழைய பைக் உறுமிக்கொண்டிருக்கிறது. துருப்பிடித்த நிலையில் வாங்கிய வண்டியை, பார்வை மங்கிவரும் ஸ்டான்லி விரல்களால் தடவித் தடவியே சரிசெய்திருக்கிறான். இனி அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அவன் மனைவி ரூத்தான் ஓட்ட வேண்டும். முதல் கியர் விழுந்தாகிவிட்டது. வியர்வையில் கைப்பிடி வழுக்குகிறது. பேருந்து ஒன்று அலறியபடி உரசிப்போக, மணல் அவள் முகத்தில் அறைகிறது.

"பயமா கீதுங்க."

"இன்னாத்துக்கு பயம்? பிரேக்கு புச்சா மாத்திக்கீறேன். கிளச்ச மெதுவா வுடு," என்கிறான் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஸ்டான்லி.

குரலில் பிசிறே இல்லை. அவள் இடுப்பைப் பற்றிய விரல்கள் மட்டும் நடுங்குகின்றன. என்ஜின் அதிர்வென்று நினைக்கிறாள். கிளட்ச் சட்டென்று நழுவி, என்ஜின் அணைகிறது. விரல்கள் இன்னும் நடுங்குகின்றன. ரூத் கிக்கரை மிதிக்கிறாள்.