இருக்குமிடம் தெரியாதவர்

மின்விசிறிக் காற்றில் படபடக்கும் விவாகரத்து மனுவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, வக்கீல் உரக்கப் படிக்கிறார். "கணவர் மூன்றாண்டுகளுக்கு முன் மனுதாரரைக் கைவிட்டுச் சென்றார். அவர் இருக்குமிடம் தெரியவில்லை." பிறகு தாளை எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் நகர்த்துகிறார். "கைவிட்டுப் போன கேஸ்னா சீக்கிரம் முடிஞ்சிடும்மா. கையெழுத்துப் போடுங்க." அவள் பேனாவை எடுக்கிறாள். கைப்பைக்குள் துழாவுகிறாள். மூக்குக்கண்ணாடி இல்லை. அந்நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் மூச்சிரைக்க வருகிறார். கையில் கண்ணாடிக் கூடு. "சாப்பாட்டு மேஜை மேலயே வச்சிட்டு வந்துட்டியே!" கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்து, தானே அவள் மூக்கில் மாட்டிவிடுகிறார். "இந்தக் காத்து உனக்கு ஆகாது" என்று விசிறியை நிறுத்துகிறார். தாள்கள் அடங்குகின்றன. படிக்காமலே மனுவின் அடியில் விரல் வைக்கிறார். "இங்க போடு. தேதியையும் போட்டுடு." வக்கீல் அவள் பக்கம் சாய்ந்து கேட்கிறார்: "யாரும்மா இவரு?" "வீட்டுக்காரர்." "விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொன்னீங்களே!" அவள் அந்த விரலை மெல்ல விலக்கிவிட்டு, கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொல்கிறாள்: "ஒரு நாளாவது போயிருந்தா, நான் ஏன் சார் இங்க வரப்போறேன்?"