திருத்தச் சீட்டு

தேர்வுக்கூடத்தின் வாசலில் நின்றபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்த பிள்ளைகள் ஒரே கேள்வியைப் பற்றித்தான் பேசினார்கள். நாய்க்கு எத்தனை ஜோடி விலா எலும்பு?

பன்னிரண்டு என்றான் ஒருவன். பின்னால் வந்தவளும் பன்னிரண்டுதான் என்றாள். எனக்குக் காது குளிர்ந்தது.

சரியான விடை பதின்மூன்று. பன்னிரண்டு நான் வைத்த பொறி.

கால்நடை மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு வினா-விடைப் புத்தகம் போடுகிறவன் நான். ஆறு மாதம் உயிரைக் கொடுத்து எழுதுவேன். வெளிவந்த நாலாம் நாள் முழுப் புத்தகமும் கைபேசி கைபேசியாக ஓசியில் சுற்றும். என்னிடமே ஒருவன் வந்து, காப்பி இருந்தால் அனுப்புங்களேன் சார் என்று கேட்டிருக்கிறான். என்ன நெஞ்சழுத்தம்!

அதனால்தான் இந்த முறை ஒரே ஒரு விடையை வேண்டுமென்றே தப்பாக அச்சடித்தேன். வீட்டில்கூட மூச்சு விடவில்லை. விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்குக் குறையில்லை. கடையில் பில் போடும்போது, 'நாய்க்குப் பதின்மூன்று ஜோடி' என்று ஒரு திருத்தச் சீட்டை உள்ளே வைத்துக் கொடுப்பார்கள். திருடிப் படிக்கிறவனுக்குச் சீட்டு கிடையாது. அது அவன் தலையெழுத்து.

அந்தக் கேள்வியே வினாத்தாளில் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஒரு பெண் சரியான விடையைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். ஒரு கணம் சங்கடமாகத்தான் இருந்தது. நானா இவளைத் திருடச் சொன்னேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் மகளைத் தேடினேன். போன முறை ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவளுக்கு இடம் போனது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் டிவி ஓடவில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

"அப்பா, உங்க நாய்க் கேள்வி வந்துடுச்சுப்பா! யோசிக்கவே இல்ல, பன்னிரண்டுன்னு போட்டுட்டேன். சரிதானே?"

அவள் தோளில் தொங்கிய பையை வாங்கிக்கொண்டேன்.

அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதியை, மை வாசனை போவதற்குள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அதில் சீட்டு ஏது? பெற்ற மகளுக்கு யார் பில் போடுவார்கள்?

"பசிக்குதாம்மா?" என்று கேட்டேன்.